மகள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்த பிறகும் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ‘மைண்ட்ஃபுல்னஸ் பழகு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று தோழி சொன்னாள். ஒரு செயலியை இறக்கி மூன்று வாரம் முயன்றேன். தினமும் 10 நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால், மனம் அமைதியாவதற்குப் பதில் நூறு இடத்துக்கு ஓடுகிறது. அலுவலகத்திலும் இதற்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். வேலைச் சுமை மட்டும் அப்படியே இருக்கிறது. போன வாரம் என் 11 வயது மகள் பள்ளியில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, ‘நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்’ என்றாள். ஒரு வார்த்தைகூட நினைவில்லை. ‘நீ இங்க இல்லம்மா’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சுருக்கென்று குத்தியது. மைண்ட்ஃபுல்னஸ் என்றால் உண்மையில் என்ன? கண்ணை மூடி உட்காராமல், அன்றாட வேலைக்கு நடுவே அதைப் பழக முடியுமா? அல்லது என் மனதுக்கு இது வரவே வராதா? அந்தச் செயலியை அழித்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தில் கேள்வியாக இல்லாத ஒரு வரியில்தான் என் கண் நின்றது: ‘சுருக்கென்று குத்தியது.’ அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்த மாலையைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மகள் பேசிக்கொண்டிருக்கிறாள். உங்கள் தலை அசைகிறது, வாய் ‘உம்’ கொட்டுகிறது. உள்ளே எங்கோ ஒரு கூட்டுத்தொகை இடிக்கிறது. இது எவ்வளவு நேரமாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அப்புறம் அவள் கேட்கிறாள், நீங்கள் திடுக்கிடுகிறீர்கள். அந்த நொடியில் கூட்டுத்தொகை காணாமல் போகிறது. எதிரே குழந்தையின் முகம் தெரிகிறது. உங்கள் கன்னம் சூடாவது தெரிகிறது. ‘இவ்வளவு நேரம் நான் இங்கே இல்லை’ என்பதும் தெரிகிறது.

மூன்று வாரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் தேடியது அந்த நொடியைத்தான். கண் திறந்திருக்கும்போது, குற்ற உணர்ச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, அவ்வளவுதான் மைண்ட்ஃபுல்னஸ். மீதியெல்லாம் அந்தத் தெரிதல் கொஞ்சம் அடிக்கடி, கொஞ்சம் சீக்கிரமாக, குத்தல் இல்லாமல் வருவதற்கான பழக்கம்.

சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது. மைண்ட்ஃபுல்னஸை ‘மனநிறைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. மனநிறைவு என்றால் திருப்தி. அந்தச் சொல்லை நம்பி உட்காருபவர் திருப்தி வரும் என்று காத்திருப்பார், வராதபோது தன்னையே நொந்துகொள்வார். ‘விழிப்புணர்வு’ பரவாயில்லை. ஆனால் அதைக் கேட்டால் பேரணியும் பிரசாரமும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கருத்தின் வேர், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள ‘சதி’ என்ற சொல். நாம் ‘சதித்திட்டம்’ என்கிறோமே, அந்தச் சதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சமஸ்கிருதத்தில் இதுவே ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் நினைவு. 1881-ல் ‘சுத்தங்கள்’ எனப்படும் பௌத்த உரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ரீஸ் டேவிட்ஸ் என்ற அறிஞர், இந்தச் ‘சதி’க்கு மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்.

நினைவு என்றதும் பழைய நாட்களை அசைபோடுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே நினைவு என்றால் மறவாமை. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை, செய்துகொண்டிருக்கும்போதே மறக்காமல் இருப்பது. ‘நினைவில்லாமல் செய்துவிட்டேன்’ என்று நாம் சொல்லும்போது இந்தப் பொருளில்தான் சொல்கிறோம். தமிழில் இதற்கு ஒரு பழைய சொல்லும் உண்டு: பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. பொச்சாவாமை என்றால் மறதியில் சோர்ந்து போகாமல் இருத்தல். திருக்குறளின் 54-ஆம் அதிகாரத்துக்கு அதுதான் தலைப்பு. அரசியல் பகுதியில், பொறுப்பில் இருப்பவரை நினைத்துச் சொன்னது அது. அதை அங்கே வைத்தது எவ்வளவு சரி என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நான்கு பேர் நம்மை நம்பி இருக்கும் இடத்தில் நம் நினைவு தவறினால், இழப்பு நமக்கு மட்டும் ஏற்படுவதில்லை. நினைத்ததை மறக்காமல் நினைத்துக்கொண்டிருக்க முடிந்தால், நினைத்ததை அடைவது எளிது என்று அந்த அதிகாரம் முடிகிறது.

இது மருத்துவத்துக்குள் வந்த கதை அண்மைக் காலத்தது. மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபட்-ஜின் என்பவர், 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். தீராத வலியோடு வாழ்ந்தவர்கள், மருந்தால் முழுக்கக் குணமாகாதவர்கள்தான் முதலில் வந்தார்கள். மதச் சடங்கு எதையும் அவர் சேர்க்கவில்லை. அவர் சொல்லும் விளக்கத்தில் மூன்று நிபந்தனை உண்டு: வேண்டுமென்றே கவனிப்பது, இந்தக் கணத்தில் நடப்பதைக் கவனிப்பது, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. முதல் இரண்டையும் எல்லாச் செயலியும் சொல்கிறது. மூன்றாவதைச் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துவிடுகிறது. நீங்கள் தடுக்கி விழுந்ததும் அந்த மூன்றாவதில்தான். மனம் ஓடியது. அதைக் கவனித்தீர்கள். உடனே, ‘என் மனதுக்கு இது வராது’ என்று தீர்ப்பெழுதிவிட்டீர்கள்.

மனம் ஓடுவது உங்கள் குறை இல்லை. 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு எதிர்பாராத நேரங்களில் கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி! மனம் வேறெங்கோ இருந்தபோது மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. இனிமையான ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, கையில் இருந்த வேலையில் மனம் இருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை. ஆக, அந்த 10 நிமிடத்தில் உங்களுக்கு நடந்தது மனித மனம் வழக்கமாகச் செய்வதுதான். உட்கார்ந்ததால் மனம் அதிகமாக ஓடவில்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, உட்கார்ந்ததால் கண்ணில் பட்டது.

ஓடாமல் நிறுத்தலாம் என்று முயன்றால் என்ன ஆகும்? 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், ‘அடுத்த ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள்’ என்றார். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. பிறகு, ‘இப்போது நினைக்கலாம்’ என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. மாதக் கடைசிக் கணக்கை நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்களுக்கும் இதுதான் நடக்கும். வந்ததைத் துரத்த வேண்டாம். ‘கணக்கு வந்திருக்கிறது’ என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். மறுபடி வரும், மறுபடி திரும்புங்கள். 10 நிமிடத்தில் 40 தடவை ஓடி, 40 தடவை திரும்பியிருந்தால், 40 தடவை பழகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, கண்ணை மூடி உட்காராமல் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். சிலருக்கு அதுவே நல்ல வழி என்பேன்.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்குகிறோம். பாதி வழியில், ‘பூட்டினேனா?’ என்று சந்தேகம். திரும்பி வந்து இழுத்துப் பார்த்தால் பூட்டித்தான் இருக்கிறது. கை பூட்டியது, நாம் அங்கே இல்லை. பழகிய வேலையை மூளை கையிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. அதில் தவறில்லை, அப்படி ஒப்படைக்காவிட்டால் நம்மால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. ஆனால் கவனம் இல்லாத இடத்தில் நினைவும் பதியாது. பாலி மொழிக்காரர்கள் நினைவுக்கும் கவனத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தது சும்மா இல்லை.

நாளைக் காலையில் இதைச் செய்து பாருங்கள். சாவியைக் கையில் எடுக்கும்போது அதன் குளிர்ச்சி விரலில் படட்டும். துளைக்குள் நுழையும்போது ஒரு சின்ன உரசல் இருக்கும். திருப்பும்போது முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் இறுக்கமாக. கடைசியில் ‘க்ளக்’. அந்தச் சத்தம் முடியும் வரை இருங்கள். ‘பூட்டினேன்’ என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லுங்கள். மொத்தம் நான்கு நொடி ஆகும். அந்த நான்கு நொடியும் நீங்கள் வாசலில் இருந்தீர்கள். படியில் இறங்கும்போது சந்தேகம் வருகிறதா என்று பாருங்கள்.

(இதைப் படிப்பவர்களில், ஒரு நாளில் பத்து முறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் நிம்மதி என்ற நிலையில் யாராவது இருந்தால், அது வேறு விஷயம். அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே குணமாகும். மேலே சொன்னதை இன்னொரு சடங்காக ஆக்கிக்கொள்ள வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள்.)

இப்படி ஒரு நாளில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுவது, பாத்திரம் கழுவுவது, மாடிப்படி ஏறுவது, எதுவானாலும் சரி. தினமும் தவறாமல் நடக்கிற வேலையாக இருக்க வேண்டும், அது போதும். பாத்திரம் என்றால், தண்ணீர் கையில் படும் இடம், நுரை வழுக்குவது, பிசுக்கு போனதும் விரல் ‘கீச்’ என்று தடைபடுவது. மனம் அலுவலகத்துக்குப் போகும். போனது தெரிந்ததும் விரலுக்குத் திரும்புங்கள். நாள் முழுக்க இப்படி இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திட்டம் போட, எதிர்பாராத யோசனை பிறக்க, பகல் கனவு காண, எல்லாவற்றுக்கும் மனம் அலையத்தான் வேண்டும். அலையக் கூடாது என்பதில்லை. அலைகிறது என்று தெரிந்தால் போதும். தெரிந்தால்தான், தொடரவா திரும்பவா என்று முடிவெடுக்க முடியும்.

உங்களுக்குப் பெரிய தொல்லை மாலை நேரம் என்று தெரிகிறது. உடம்பு வீட்டுக்கு வந்துவிடுகிறது, மனம் அலுவலக நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது. முடிக்காத வேலை மனதைத் தட்டிக்கொண்டே இருக்கும், அது அதன் இயல்பு. ஆனால் வேலையை முடித்தால்தான் தட்டுவது நிற்கும் என்பதில்லை. ‘எப்போது, எப்படி முடிப்பேன்’ என்று திட்டமாக எழுதி வைத்தாலே தொல்லை குறைகிறது என்று 2011-ல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே இருக்கையை விட்டு எழுவதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மூன்றாவது பக்கக் கூட்டுத்தொகை இடிக்கிறது, நாளை 10 மணிக்கு மூல ரசீதுகளோடு சரிபார்க்க வேண்டும்’ என்று தாளில் எழுதுங்கள். ‘கணக்கை முடிக்கணும்’ என்று மொட்டையாக எழுதினால் மனம் ஏமாறாது. நேரமும் முதல் அடியும் இருக்க வேண்டும். எழுதிய தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டு வாசலில் கதவைத் திறப்பதற்கு முன், மூன்று மூச்சு. ஆழமாக இழுக்க வேண்டாம், எப்படி வருகிறதோ அப்படி. முதல் மூச்சில் பாதம் தரையில் இருப்பதைப் பாருங்கள். இரண்டாவதில் தோள்பட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கணினி முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்த தோள் பெரும்பாலும் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றாவதில், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கதவைத் திறங்கள்.

உணர்ச்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது என்றால் என்ன என்று விளக்க எனக்குக் கிடைத்த மிக நல்ல உதாரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்கிறோம். ‘பயம் வந்தது’, ‘அழுகை வருகிறது’, ‘எரிச்சல் வந்துவிட்டது’ என்கிறோம். கோபம் ஓர் ஆள் மாதிரி வருகிறது. வருவது என்றால், நான் வேறு, அது வேறு. வந்தது போகவும் போகும். இதை யாரும் நமக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை, வாய்ப்பேச்சிலேயே இருக்கிறது. ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. தினமும் சொல்லும் வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி, காது கொடுத்துச் சொல்லுங்கள் என்கிறேன். ‘எனக்கு… எரிச்சல்… வருகிறது.’ எங்கே வருகிறது? தாடையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா? பெயர் சொன்னதும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான், கத்தவா வேண்டாமா என்று யோசிக்க இடம் இருக்கிறது. 2007-ல் லீபர்மன் என்பவரும் அவருடைய குழுவினரும், கோபமும் அச்சமும் தெரிகிற முகப் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் எழுச்சி குறைந்தது. அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் தொடர்புடைய பகுதி அது.

இனி உங்கள் மகள்.

ஒருவர் பேசுவதைக் கேட்பதுதான் இந்தப் பழக்கத்திலேயே மிகக் கடினமான பாடம் என்று நான் நினைக்கிறேன். மூச்சு பதில் எதிர்பார்க்காது, பாத்திரம் கோபித்துக்கொள்ளாது. பேசுகிற மனிதர் எதிர்பார்ப்பார். அதோடு, கேட்கும்போது நம் மனம் இரண்டு விதமாக ஓடுகிறது. ஒன்று வெளியே, உங்களுக்குக் கணக்கு வந்த மாதிரி. இன்னொன்று கண்டுபிடிக்கக் கடினமானது: பேச்சுக்குள்ளேயே ஓடுவது. அவள் சண்டையைச் சொல்ல ஆரம்பித்ததும், ‘இதற்கு என்ன புத்திமதி சொல்லலாம், அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசலாமா’ என்று தயாராவது. அப்போதும் நாம் அவளிடம் இல்லை, நம் பதிலிடம் இருக்கிறோம். பெற்றோர்கள் இதைக் கவனம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தூக்கம் வராமல் தவித்த ஒருவர் என்னிடம் வந்திருந்தார். அன்று எனக்கு மனதில் ஒரு தொலைபேசி அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவருக்கு மருத்துவப் பரிசோதனை முடிவு வர வேண்டியிருந்தது. அவர் பேசி நிறுத்தியதும் ஒரு கேள்வி கேட்டேன். அவர் முகம் மாறியது. அதற்குத்தான் அவர் இவ்வளவு நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சமாளித்திருக்கலாம், எங்கள் தொழிலில் அதற்கு வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் சொல்லிவிட்டேன்: ‘மன்னிக்கணும். நடுவில் என் கவனம் போய்விட்டது. உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால் மறுபடி சொல்லுங்கள், இப்போது கேட்கிறேன்.’ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போது, முதல் தடவை சொல்லாத ஒன்றும் வந்தது: இரவு 2 மணிக்கு எழுந்து, இறந்துபோன தம்பியின் கைபேசி எண்ணை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம். முதல் தடவை அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையா, என் கண்ணில் இடம் இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே மகளிடம் போய், ‘அன்னைக்கு நீ சொன்னது சரிதான். நான் அங்க இல்ல, ஆபீஸ் கணக்குல இருந்தேன். எனக்கு அந்தச் சண்டை என்னன்னு தெரியணும், மறுபடி சொல்றியா?’ என்று கேளுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம், ‘அம்மாவுக்கு எவ்வளவு வேலை தெரியுமா’ என்று அவள் மேல் திருப்பவும் வேண்டாம். ‘ஒண்ணுமில்ல, விடு’ என்று அவள் சொல்லக்கூடும். சொன்னால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து அவளாகவே வேறொன்றைச் சொல்ல வருவாள். அப்போது கைபேசியை வேறு அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலே மனதின் ஒரு மூலை அங்கே போகும். அவள் குரல் எப்போது வேகமாகிறது, எப்போது தாழ்கிறது, எந்தப் பெயரைச் சொல்லும்போது கண் கீழே போகிறது என்று பாருங்கள். மனம் போய்விட்டால், ‘ஒரு நிமிஷம், கடைசியா சொன்னதை விட்டுட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்தது குறைவு. போலியாக ‘உம்’ கொட்டுவதுதான் அவர்களுக்குப் பொறுப்பதில்லை. தினமும் 15 நிமிடம் இப்படிக் கிடைத்தால், மீதி நேரம் நீங்கள் வேலையாக இருப்பதை அவள் தாங்கிக்கொள்வாள்.

அலுவலக வகுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் உங்களுக்கு ஆதங்கம் இருப்பது நியாயம். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மூச்சைக் கவனி என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. கவனிக்கும் பழக்கம் சுமையைத் தாங்கிக்கொள்ளும் மருந்து என்று யாரும் உங்களிடம் விற்க விடாதீர்கள். நன்றாகக் கவனிக்கத் தொடங்கினால் எது உங்களை நசுக்குகிறது என்பதும் தெளிவாகத் தெரியும். எந்த வேலை, எந்த நாளில், எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு மேலதிகாரியிடம் பேசுங்கள். ‘ரொம்ப டென்ஷனா இருக்கு’ என்பதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

இதனால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். 2014-ல், 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு மருத்துவ மதிப்பீடு வந்தது. 8 வாரம் போன்ற பயிற்சிக்குப் பிறகு பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ வேறு உளவியல் சிகிச்சையையோ விட இது மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதாவது, உதவும். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று தோழி சொன்ன அளவுக்கு இல்லை. நடக்கப் பிடித்தவர்கள் நடக்கலாம், அதையே கவனத்தோடு செய்தால் இரண்டும் ஆயிற்று.

கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது எல்லோருக்கும் இதமாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்கும், திடீர் பீதி வந்து மூச்சு முட்டும் அனுபவம் உள்ளவர்களுக்கும், உள்ளே திரும்பிப் பார்ப்பது படபடப்பைக் கூட்டலாம். அப்படி ஆனால் உடனே நிறுத்துங்கள், அது தோல்வி இல்லை. கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, எந்தப் பயிற்சியையும் முயன்றுகொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவும் கூடாது.

கடைசியாக, அந்தச் செயலி. அழிக்க வேண்டியதில்லை. காலையில் ஐந்து நிமிடம் ஒரு குரல் கூடவே இருப்பது சிலருக்குத் துணையாக இருக்கும், உங்களுக்கும் இருக்கலாம். அமைப்புகளுக்குள் போய் இரண்டு விஷயத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். ஒன்று, ‘இன்று நீங்கள் பயிற்சி செய்யவில்லை’ என்று வரும் அறிவிப்பு. இன்னொன்று, எத்தனை நாள் விடாமல் செய்தீர்கள் என்று காட்டும் எண். கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் நீங்கள், ஓர் எண்ணைப் பார்த்தால் அதைச் சரிசெய்யாமல் உங்களால் இருக்க முடியாது. 10 நிமிடத்தை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதி ஐந்து நிமிடத்தை மாலையில் மகளுக்கு எதிரே உட்காரும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். பள்ளியில் நடந்த சண்டை என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. அவள் சம்மதித்தால் எழுதுங்கள்.